‘காத்து ஏற மாட்டேங்குது!’ - பட்டறை கம்ப்ரஸரில் பம்ப் மாத்தணுமா? முதல்ல இதைப் படிச்சிடுங்க

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள். திருச்செங்கோட்டில் இருந்து இந்தியா முழுக்கப் போகும் போர்வெல் ரிக் வண்டிகள். சங்ககிரியில் வரிசை கட்டி நிற்கும் லாரிகள். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிகள். சேலத்தில் தெருவுக்குத் தெரு டூவீலர் மெக்கானிக் கடைகள். இத்தனைக்கும் பொதுவாக ஒரு சத்தம் உண்டு. ‘டக டக டக’ என்று ஓடி, ‘புஸ்’ஸென்று காற்றை விட்டு நிற்கும் ஏர் கம்ப்ரஸர் சத்தம்.

ரிக் வண்டியில் இருக்கும் கம்ப்ரஸர் ராட்சச ரகம். நிமிடத்துக்கு 1,000 கன அடிக்கு மேல் காற்றைத் தள்ளி, பல நூறு அடி ஆழத்தில் உடைந்த பாறைத் தூளை மேலே கொண்டு வரும். நாம் இங்கே பார்க்கப் போவது அதன் குட்டித் தம்பியை. வீட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட் போட்டு, பெயின்ட் அடிக்க, டயருக்குக் காற்று பிடிக்க, தறியில் படிந்த பஞ்சை ஊதித் தள்ள வைத்திருக்கும் ஒன்றரை, இரண்டு ஹெச்.பி. கம்ப்ரஸர்.

இது ஒருநாள் படுத்துவிட்டால் அன்றைய கூலி போச்சு. மெக்கானிக்கைக் கேட்டால் “பம்ப் போச்சுங்க, புதுசு போட்டுடலாம்” என்பார். நிஜமாகவே பம்ப்தான் போனதா? ரிங் மாற்றினால் போதாதா? புது பம்ப் போட்டால் பழைய மோட்டார் இழுக்குமா? எல்லாவற்றுக்கும் மேல், பம்ப்பை மட்டும் புதுசாக மாற்றிவிட்டு, துருப்பிடித்த பழைய டேங்க்கை அப்படியே வைத்திருப்பது சரியா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உள்ளே என்னதான் நடக்குது?

கம்ப்ரஸர் என்பது மூன்று பொருள்களின் கூட்டு. மோட்டார், பம்ப், டேங்க். மோட்டார் சுற்றும். பெல்ட் வழியாகப் பம்ப்பின் பெரிய புல்லி சுற்றும். பம்ப் காற்றை அமுக்கி டேங்க்கில் சேர்க்கும். சில பட்டறைகளில் மொத்தப் பம்ப்பையும் ‘ஹெட்’ என்பார்கள். சிலர் மேல் மூடியை மட்டும் ஹெட் என்பார்கள். பார்ட்ஸ் கடையில் கேட்கும்போது எதைச் சொல்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

பம்ப்பின் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரு பைக் இன்ஜின்தான். சிலிண்டர், பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு, கிராங்க் எல்லாம் உண்டு. பெட்ரோலும் ஸ்பார்க் பிளக்கும் மட்டும் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே வரும். மேலே ஏறும்போது அது அமுங்கி வெளியே போகும். உள்ளே வந்த காற்று வந்த வழியே திரும்பிப் போகாமல் தடுக்க, வால்வு பிளேட்டில் மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். காற்றின் அழுத்தத்திலேயே அவை திறந்து மூடும்.

ஒரு நிமிடத்துக்கு 700 சுற்று என்றால், அந்தத் தகடுகள் நிமிடத்துக்கு 700 தடவை அடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் 42,000 தடவை. தேய்மானம் எங்கே தொடங்கும் என்பதை இனி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம்ம ஊர்ல பம்ப் ஏன் சீக்கிரம் தேயுது?

முதல் காரணம், வெயில். காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குப் பம்ப் அடித்தவர்களுக்கு இது கையிலேயே தெரியும். 35 டிகிரி செல்சியஸ் காற்றை ஒரே மூச்சில் 8 பார் அழுத்தத்துக்கு (சுமார் 116 பி.எஸ்.ஐ.) அமுக்கினால், வெப்பம் எங்கும் தப்பவில்லை என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி சுமார் 300 டிகிரி வரும். சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்களும், விசிறி போல வெட்டிய பெரிய புல்லியும் வெப்பத்தை வெளியேற்றுவதால் நிஜத்தில் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் கை வைக்க முடியாத சூடுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உள்ளே போகும் காற்று 10 டிகிரி கூடினால், வெளியே வரும் காற்று கணக்குப்படி 10 அல்ல, 19 டிகிரி வரை கூடும். சித்திரை வெயிலில், சிமென்ட் ஷீட் போட்ட ஷெட்டின் மூலையில், சுவரோடு ஒட்டி வைத்த கம்ப்ரஸர் என்ன பாடு படும்? அந்தச் சூட்டில் எண்ணெய் கருகும். கரி வால்வு தகட்டில் படியும். தகடு சரியாக மூடாது. அமுங்கிய சூடான காற்றே திரும்ப உள்ளே வரும். அதனால் சூடு இன்னும் ஏறும். நச்சு வட்டம்தான்.

இரண்டாவது காரணம், தூசி. லாரி பாடி பட்டறையில் கிரைண்டர் பொறி, பட்டி தேய்த்த தூள், பெயின்ட் புகை. தறிப் பக்கம் பஞ்சு. கோழிப்பண்ணைப் பக்கம் தீவன மாவு. ஃபில்டர் கிழிந்திருந்தால் இதெல்லாம் நேராக சிலிண்டருக்குள் போய் எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான்.

மூன்றாவது, எண்ணெய். கம்ப்ரஸருக்கென்று தனி எண்ணெய் உண்டு. நம்ம ஊர்ச் சூட்டுக்குப் பொதுவாக 100-ம் நம்பர் கிரேடு சொல்வார்கள். பம்ப்போடு வரும் புத்தகத்தில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. பைக் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனங்கள் வேறு வேலைக்கானவை. அதைக் கம்ப்ரஸரில் ஊற்றினால் கரி அதிகம் படிய வாய்ப்பு உண்டு. ‘மிச்சம் இருந்துச்சு, ஊத்திட்டேன்’ என்பது பம்ப்பின் ஆயுளைத்தான் மிச்சமில்லாமல் ஆக்கும்.

பம்ப்தான் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

‘காற்று ஏறவில்லை’ என்றதும் பழி பம்ப் மேல்தான் விழும். ஆனால் பம்ப்பைத் தவிர வேறு பல சந்தேகப் பேர்வழிகள் உண்டு. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இவற்றை ஒரு ரவுண்டு பார்த்துவிடுங்கள். பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது.

லீக்: டேங்க்கை நிரப்பி, மெயின் சுவிட்சை நிறுத்தி, வெளியே போகும் வால்வை மூடிவிட்டுக் காத்திருங்கள். டேங்க் ஆறும்போது முள் கொஞ்சம் இறங்கும். அது இயல்பு. அதற்குப் பிறகும் அரை மணி நேரத்தில் முள் சரசரவென்று இறங்கினால் லீக் இருக்கிறது. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பாருங்கள். நுரை வரும் இடம்தான் குற்றவாளி. பம்ப் நிரபராதி.

நான் ரிட்டர்ன் வால்வு: பம்ப்பில் இருந்து வரும் குழாய் டேங்க்கில் சேரும் இடத்தில் இருக்கும். மோட்டார் நின்றதும் பிரஷர் சுவிட்ச் பக்கம் ஓரிரு விநாடி ‘புஸ்’ஸென்று காற்று போவது சரி. அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் இந்த வால்வு கசிகிறது. டேங்க்கின் காற்று பம்ப்பின் தலையில் போய் உட்கார்ந்துகொள்வதால், அடுத்த முறை மோட்டார் ‘ம்ம்ம்’ என்று உறுமுமே தவிர சுற்றாது. பலர் இதைப் பார்த்துத்தான் பம்ப் ஜாம் என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் மாற்ற வேண்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன வால்வு.

ஃபில்டர்: ஃபில்டரைக் கழற்றி, தூசி இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் மட்டும் ஓட விடுங்கள். முள் வேகமாக ஏறினால் அடைப்பு ஃபில்டரில்தான்.

பெல்ட்டும் கரண்டும்: பெல்ட் வழுக்கினால் பம்ப் முழு வேகத்தில் சுற்றாது. சாயங்கால நேரத்து லோ வோல்டேஜும், பலவீனமான கன்டென்சரும் மோட்டாரைத் திணற வைக்கும்.

இத்தனையும் சரியாக இருக்கிறதா? அப்படியென்றால் இப்போது பம்ப்பைச் சந்தேகப்படலாம். அதுவே சில அடையாளங்களைக் காட்டும்.

ஃபில்டர் வழியாகக் காற்று வெளியே துப்பினால், உள்வால்வு தகடு உடைந்திருக்கலாம் அல்லது வளைந்திருக்கலாம். எண்ணெய் ஊற்றும் வாய் அல்லது அதன் மூச்சுக்குழாய் வழியாகக் காற்றும் எண்ணெய்ப் புகையும் வந்தால், ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. டேங்க்கின் அடியில் தண்ணீர் திறக்கும்போது கறுப்பு எண்ணெய் வந்தால், பெயின்ட் அடித்த இடத்தில் சின்னச் சின்னக் குழியாக பெயின்ட் விலகினால், எண்ணெய் ரிங்கைத் தாண்டி மேலே ஏறுகிறது. ‘தட் தட்’டென்று உலோகம் அடிக்கும் சத்தம் வந்தால் பேரிங் அல்லது கனெக்டிங் ராடு. இந்தக் கடைசி அடையாளம் தெரிந்தால் அதற்குப் பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள்.

போன்ல ஸ்டாப்வாட்ச் இருக்கா? அதுவே போதும்

பம்ப் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை எண்ணாகவே சொல்லிவிட முடியும். டேங்க்கை முழுசாகக் காலி செய்யுங்கள். வால்வுகளை மூடுங்கள். ஓட விட்டு, முள் பூஜ்யத்தில் இருந்து 8 பாருக்குப் போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு, 160 லிட்டர் டேங்க். 8 பார் ஏற்ற, 160 × 8 = 1,280 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். 8 நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 160 லிட்டர். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். எனவே 5.6 சி.எஃப்.எம். இதுவே 14 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 91 லிட்டர், அதாவது 3.2 சி.எஃப்.எம்.தான். உங்கள் ஸ்பிரே கன் கேட்கும் காற்று இதைவிட அதிகம் என்றால், பாதி பேனல் அடிப்பதற்குள் அழுத்தம் விழும். பெயின்ட் திட்டுத் திட்டாக விழும்.

கரன்ட் பில்லிலும் இது தெரியும். இரண்டு ஹெச்.பி. மோட்டார் முழுச்சுமையில் மணிக்குச் சுமார் 1.8 யூனிட் இழுக்கிறது என்று வைப்போம். முன்பு தினம் 2 மணி நேரம் ஓடிய அதே வேலைக்கு, தேய்ந்த பம்ப் மூன்றரை மணி நேரம் ஓட வேண்டும். 3.6 யூனிட் இடத்தில் 6.3 யூனிட். மாதம் 25 நாள் வேலை என்றால், இரண்டு மாத பில்லில் 135 யூனிட் கூடுதல். பம்ப் மாற்றும் செலவைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுசாக வாங்கிய அன்றே இந்த நிமிடக் கணக்கை டேங்க் மேல் மார்க்கரில் எழுதி வைத்துவிட்டால், பிற்பாடு யார் சொல்வதையும் நம்பியிருக்கத் தேவையில்லை.

ரிங் மாத்தினா போதுமா, பம்ப்பையே மாத்தணுமா?

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் பதில் கிடைக்கும். வால்வு தகட்டில் கரி, பேக்கிங் கிழிசல், ரிங் தேய்மானம் என்று இருந்தால் கிட் வாங்கிப் போட்டாலே போதும். சிலிண்டர் சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருந்தால், புது ரிங் போட்டும் பிரயோஜனம் இல்லை. லேத்தில் கொடுத்துப் போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், அந்த சைஸ் கிடைக்கிற பட்சத்தில். கிராங்க் தேய்ந்து, பேரிங் ஆடி, ராடும் போயிருந்தால், ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பதைவிட புது பம்ப்தான் லாபம்.

ஒரு எளிய வழி சொல்லலாம். பார்ட்ஸும் லேத் கூலியும் சேர்ந்து புது பம்ப் விலையில் பாதியைத் தாண்டினால், புது பம்ப் பக்கம் யோசியுங்கள். நமக்கு ஒரு வசதி, கம்ப்ரஸர் தயாரிப்பில் பேர் வாங்கிய கோவை பக்கத்திலேயே இருக்கிறது. இன்று பல நாடுகளுக்குப் போகும் எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் 1960-ல் தொடங்கியது அங்கேதான். அதனால் நல்ல நிறுவனத்தின் மாடல் வைத்திருப்பவர்களுக்கு உதிரி பாகம் கிடைப்பது பெரிய சிரமம் இல்லை. பெயர்ப் பலகையே இல்லாத மலிவு ரகம் என்றால்தான் சிக்கல்.

புது பம்ப் வாங்கும்போது கடைக்காரர்கிட்ட என்ன கேட்கணும்?

‘ரெண்டு ஹெச்.பி.க்கு ஒரு பம்ப் குடுங்க’ என்று மட்டும் கேட்டு வாங்கி வந்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். பழைய பம்ப்பையும், மோட்டாரின் நேம் பிளேட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். இந்த ஐந்தையும் சரிபாருங்கள்.

ஒன்று, சி.எஃப்.எம். பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் அளவை வைத்துப் போட்ட கணக்கு. நிஜமாக வெளியே வரும் காற்று அதைவிடக் குறைவு. 65 மி.மீ. சிலிண்டர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 720 சுற்று என்றால் கணக்குப்படி நிமிடத்துக்கு 239 லிட்டர், 8.4 சி.எஃப்.எம். ஆனால் 8 பார் அழுத்தத்துக்கு ஏற்றும்போது கையில் கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் இருக்கும். ‘டெலிவரி எவ்வளவு?’ என்று தனியாகக் கேளுங்கள்.

இரண்டு, சுற்று வேகம். இங்கேதான் மோட்டார் காயில் கருகுகிறது. கணக்கு எளிது. மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, பம்ப் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் பம்ப்பின் வேகம் வரும். 1,440 சுற்று மோட்டார், 5 இன்ச் புல்லி, பம்ப்பில் 12 இன்ச் புல்லி என்றால் 600 சுற்று. புது பம்ப்போடு வந்த புல்லி 10 இன்ச் என்றால் 720 சுற்று. அதாவது 20 சதவீதம் அதிக காற்று, கிட்டத்தட்ட 20 சதவீதம் அதிக சுமை. ‘காத்து நல்லா வருதே’ என்று சந்தோஷப்படும் நேரத்தில் மோட்டார் சூடாகிக்கொண்டிருக்கும். அப்படி வந்தால் மோட்டார் புல்லியைச் சின்னதாக மாற்றி, வேகத்தைப் பழைய கணக்குக்குக் கொண்டு வாருங்கள்.

மூன்று, அழுத்தம். சிங்கிள் ஸ்டேஜ் பம்ப்புகள் பொதுவாக 8 பார் வரைக்கானவை. லாரி டயருக்கே 110, 120 பி.எஸ்.ஐ. தேவைப்படும். டேங்க்கிலும் அதே அளவுதான் இருந்தால் காற்று ஏறாது, டேங்க்கில் அதிகமாக இருந்தால்தான் டயருக்குப் போகும். அதனால்தான் லாரிக்குக் காற்று பிடிக்கும் கடைகளில் டூ ஸ்டேஜ் வைத்திருக்கிறார்கள். ஆனால் எட்டு பாருக்கு வாங்கிய டேங்க் மேல் டூ ஸ்டேஜ் பம்ப்பை உட்கார வைத்து, சுவிட்சைத் திருகி அழுத்தத்தைக் கூட்டுவது தற்கொலைக்குச் சமம்.

நான்கு, அடித்தளத் துளைகள். நான்கு போல்ட் துளைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பழைய பம்ப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் மேடைக்கு மேல் தனி பிளேட் போட்டுப் பொருத்தலாம். டேங்க்கின் உடம்பில் மட்டும் வெல்டிங் வைக்கவே கூடாது. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

ஐந்து, சுற்றும் திசை. புல்லியில் அம்புக்குறி இருக்கும். அதன் இறக்கைகள் காற்றை சிலிண்டர் மேல் வீசும்படி சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினாலும் டேங்க்கில் காற்று ஏறும். ஆனால் பம்ப் ஆறாது.

சரி, மாத்திடலாம். எப்படி?

கையில் ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் என்றால் அரை நாள் வேலை. பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள். ஆனால் அவர் இந்த வரிசையில் செய்கிறாரா என்று பாருங்கள்.

முதலில் கரன்ட். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிரஷர் சுவிட்ச் தானாக மோட்டாரை ஓட்டும் ஜாதி. பெல்ட்டில் கை இருக்கும்போது அது கிளம்பினால் விரல் மிஞ்சாது.

அடுத்து காற்று. அடிவால்வைத் திறந்து, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் வால்வைத் திறந்தே வையுங்கள். கேஜ் பழுதாகிப் பொய் சொல்லவும் வாய்ப்பு உண்டு. காற்று வரும் சத்தம் சுத்தமாக நின்றதா என்று காதால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெல்ட் கவரைக் கழற்றி, மோட்டாரின் போல்ட்டைத் தளர்த்தி முன்னால் தள்ளிப் பெல்ட்டை எடுங்கள். பம்ப்பில் இருந்து டேங்க்குக்குப் போகும் செம்புக் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே கரி அடைத்திருந்தால் குழாயை மாற்றிவிடுங்கள். இந்த இடத்தில் ரப்பர் ஹோஸோ பிளாஸ்டிக் குழாயோ போடக் கூடாது, அந்தச் சூட்டைத் தாங்காது. குழாய் கழன்றிருக்கும் இதே நேரத்தில் நான் ரிட்டர்ன் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தேய்ந்திருந்தால் புதுசு போடுங்கள். பழைய வால்வில் இருக்கும் கரித்தூள் புது பம்ப்புக்கு வைக்கும் முதல் ஆப்பு.

இப்போது பம்ப்பின் நான்கு போல்ட். வார்ப்பிரும்பு பம்ப் கனக்கும், இரண்டு பேர் பிடித்து இறக்குங்கள். புது பம்ப்பை வைத்ததும் நான்கு காலும் தளத்தில் ஒரே மாதிரி படிகிறதா என்று பாருங்கள். ஒரு கால் தூக்கி நிற்கும்போது இறுக்கினால் கால் விரிசல் விடும். இடைவெளிக்கு மெல்லிய தகடு கொடுத்த பிறகு, கோணல் மாணலாக இல்லாமல் எதிரெதிர் போல்ட்டாக இறுக்குங்கள்.

இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நூல் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு புல்லியின் விளிம்பிலும் நூல் ஒட்டினாற்போல் போக வேண்டும். பெல்ட்டை இழுத்துப் பிடித்து, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை இன்ச் போல இறங்கினால் சரி. இறுக்கம் அதிகமானால் பேரிங் போகும். தளர்ந்தால் பெல்ட் கருகும். பழைய பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் புது பம்ப்புக்குப் புது பெல்ட் போடுவதே மரியாதை.

எண்ணெய் ஊற்றினீர்களா? சிரிக்காதீர்கள். பல புது பம்ப்புகள் எண்ணெய் இல்லாமல்தான் பெட்டியில் வரும். கண்ணாடி வட்டத்தின் நடு அளவுக்கு ஊற்றிய பிறகு, பெரிய புல்லியைக் கையால் பத்து சுற்றுச் சுற்றுங்கள். எங்கும் இடிக்காமல் சுற்ற வேண்டும்.

பிறகு பெல்ட் கவர். ‘அப்புறம் மாட்டிக்கலாம்’ என்று மூலையில் சாத்தி வைத்த கவர்கள் நிறைய. இது வீட்டுப் பட்டறை. வேட்டி, துப்பட்டா, விளையாடும் குழந்தையின் கை, எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது.

முதல் ஓட்டம்

டேங்க்கின் அடிவால்வைத் திறந்து வைத்தே 20, 30 நிமிடம் சும்மா ஓட விடுங்கள். ஒரு நொடி போட்டு நிறுத்தி, சுற்றும் திசையை முதலில் பாருங்கள். தப்பாக இருந்தால், த்ரீ ஃபேஸ் மோட்டாரில் ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றினால் போதும். சிங்கிள் ஃபேஸில் உள்ளே ஸ்டார்ட்டிங் காயில் இணைப்பை மாற்ற வேண்டும். அது எலெக்ட்ரீஷியன் வேலை.

பிறகு வால்வை மூடி, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். 8 பாரை நெருங்கும்போது டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டி ஆம்பியர் பாருங்கள். மோட்டார் நேம் பிளேட்டில் போட்டிருப்பதற்குள் இருந்தால் நிம்மதி. தாண்டினால், புல்லிக் கணக்கு எங்கோ தப்பு. சரியான அழுத்தத்தில் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்துகிறதா, சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீறி, விட்டதும் மூடிக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். கடைசியாக ஸ்டாப்வாட்ச் சோதனை. அந்த நிமிடக் கணக்கை டேங்க் மேல் எழுதுங்கள்.

புது ரிங் பழகும்போது மெல்லிய இரும்புத் தூள் எண்ணெயில் சேரும். அதனால் முதல் எண்ணெயைச் சீக்கிரம் மாற்றிவிட வேண்டும். பொதுவாக முதல் 50 முதல் 100 மணி நேர ஓட்டத்துக்குள். போல்ட்டுகளையும் அப்போது ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

பம்ப் புதுசு, சரி... டேங்க்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் போனால் வேலை நிற்கும். டேங்க் போனால் ஆள் போய்விடலாம்.

160 லிட்டர் டேங்க்கில் 8 பார் காற்று என்றால், அது வெடித்து விரியும்போது வெளிவரக்கூடிய ஆற்றல் கணக்குப்படி சுமார் 170 கிலோ ஜூல். ஒரு டன் எடையை 17 மீட்டர் உயரத்தில் தூக்கிப் பிடித்திருப்பதற்குச் சமம். ஐந்து மாடி உயரத்தில் ஒரு கார் தொங்குகிறது, அதன் கீழே உட்கார்ந்து நீங்கள் வேலை பார்க்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

காற்றில் இருக்கும் ஈரம் டேங்க்கில் தண்ணீராகத் தங்கும். தினமும் திறந்துவிடாவிட்டால் அடிப்பகுதி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பளபளவென்று பெயின்ட் இருக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து காற்று கசிந்தால், அது டேங்க் கொடுக்கும் கடைசி எச்சரிக்கை. அந்த ஓட்டையை வெல்டிங் வைத்து அடைப்பதும், எம்-சீல் பூசுவதும் நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள தகடும் அதே அளவு மெலிந்துதான் இருக்கும். வெல்டிங் சூடு அதை இன்னும் பலவீனமாக்கும். அந்த டேங்க் பழைய இரும்புக்குத்தான்.

காற்று டேங்க்குகளுக்கென்றே ஐ.எஸ். 7938 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் அழுத்தக் கலன்களுக்காகவே 31-வது பிரிவு வைக்கப்பட்டது. பெரிய ஆலைகளில் காலாகாலத்துக்குப் பரிசோதனை நடப்பது அந்த மாதிரி விதிகளால்தான். ஆனால் வீட்டோரம் ஷெட் போட்டு இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறை ‘தொழிற்சாலை’ கணக்கில் வராது. இன்ஸ்பெக்டர் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஹைட்ரோ டெஸ்ட் செய்து தரும் இடத்துக்குக் கொண்டு போங்கள். டேங்க்கில் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் ஏன்? தண்ணீர் அமுங்காது. அதனால் டேங்க் விட்டுப்போனாலும் பீச்சி அடித்துவிட்டு அடங்கிவிடும், வெடிக்காது. இதே காரணத்தால்தான், வீட்டில் நீங்களே காற்றை அதிகமாக ஏற்றி ‘டெஸ்ட்’ பண்ணிப் பார்க்கவே கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். ஷெட்டுக்குள் காற்று லைன் இழுக்கத் தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. பைப்பைப் பயன்படுத்தாதீர்கள். தண்ணீர் லைனில் அது உடைந்தால் ஒழுகும். காற்று லைனில் உடைந்தால் கூர்மையான துண்டுகளாகச் சிதறும். அடுத்து, காற்றுக் குழாயை விளையாட்டுக்குக்கூட ஆள் மேல் வைக்காதீர்கள். அப்படிச் செய்து உயிர் போன செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

தினம் ரெண்டு நிமிஷம், வாரம் பத்து நிமிஷம்

புது பம்ப் பல வருஷம் உழைக்க வேண்டுமா? தினமும் வேலை முடிந்ததும் அடிவால்வைத் திறந்து தண்ணீரை விடுங்கள். காலையில் எண்ணெய் அளவைப் பாருங்கள். வாரம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டி ஊதுங்கள், ஃபின்களில் படிந்த தூசியைத் துடையுங்கள். மாதம் ஒருமுறை சேஃப்டி வால்வை இழுத்துப் பாருங்கள், பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். கம்ப்ரஸரைச் சுவரில் இருந்து ஓர் அடியாவது தள்ளி, காற்றோட்டமான பக்கம் நிறுத்துங்கள். பெயின்ட் அடிக்கும் இடத்துக்குள்ளேயே வைக்காதீர்கள், பெயின்ட் புகையை அது உள்ளே இழுக்கும். இடைவிடாமல் ஓட்டாமல் நடுநடுவே ஆற விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கரன்ட் பில் வரும் நாளில் ஸ்டாப்வாட்ச் சோதனை செய்யுங்கள். 8 நிமிடம் 10 ஆகும்போதே தெரிந்துவிட்டால் வால்வு தகடோடு வேலை முடியும். 14 ஆகும் வரை விட்டால் மறுபடி புது பம்ப்புக்குக் காசு எண்ண வேண்டியதுதான்.